ஆட்சேபணை இல்லை என்பதிலிருந்து தண்டனை வரை: தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கடந்த தொலைவு

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் உள்ள ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமிர்தம் அவர்களால், 2020ஆம் ஆண்டு சுதந்திர நாளன்று தம் ஊராட்சியில் தேசியக் கொடியை ஏற்ற இயலவில்லை. அவர் தலித் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே வட்டாரத்துத் தோக்கமூரில், பொது நிலத்தைத் தலித் மக்கள் பயன்படுத்த விடாமல் எழுப்பப்பட்டிருந்த சுவரை அதிகாரிகள் இடித்தார்கள். இரும்பு உருக்காலைகளும் கொள்கலன் லாரிகளும் நிறைந்த சிப்காட் தொழிற்பேட்டை இருப்பது இவ்வூர்களின் வட்டாரத்தில்தான்.

ஓர் அரசு அலுவலக வளாகம். ஒரு பொது இடம். இவ்விரண்டிலும் எந்த வகுப்பினரும் நுழையலாம் என்று சென்னை மாகாணச் சட்டமன்றம் 1924ஆம் ஆண்டிலேயே தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஜூலை 7, செப்டம்பர் 18 ஆகிய இரு நாட்களிலும் தலைப்பாகை அணிந்த அவரது படம் நம் சுவரொட்டிகளில் வருகிறது. தாத்தா என்று உரிமையோடு அழைக்கிறோம். ஆனால் அவர் என்ன செய்தார் என்று ஒரு மாணவர் கேட்டால், வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர் என்ற ஒற்றை வரியோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். சட்டம் படித்த நாமும் விதிவிலக்கல்ல. படித்த ஆண்டுகளில் ஒரு வகுப்பில்கூட அவர் பெயரை நாம் கேட்டதில்லை.

அவர் பிறந்தது மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில். ஆண்டை 1859 என்றும் 1860 என்றும் இருவிதமாக எழுதுகிறார்கள். இரட்டைமலை என்பதை ஊர்ப் பெயராகக் கருதுவோர் உண்டு. அது அவருடைய தந்தையின் பெயர். கோழியாளம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களும் அதே மாவட்டத்தில் இருந்தவையே. திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல்தான். எனவே நாம் இன்று வழக்குக் கட்டுகளோடு அலைகிற இந்த மண்ணும் அவருடைய மாவட்டமே.

குடும்பம் பிழைப்புத் தேடித் தஞ்சைக்கும் பின்னர் கோவைக்கும் இடம்பெயர்ந்தது. கோவை அரசுக் கல்லூரியில் அவர் படித்தபோது உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்ப்பனர்கள். தம் சாதி வெளியே தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தில் அவர் எவரோடும் நெருங்கிப் பழகவில்லை. இடைவேளையில் விளையாடப் போகாமல் ஒதுங்கியே இருந்தார். பிற்காலத்தில் எழுதிய ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். சான்றிதழில் உள்ள சாதிப் பெயரை விடுதித் தோழர்கள் பார்த்துவிடக் கூடாதென்று கோப்புறையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாணவர்களை நாம் இன்றும் சந்திக்கிறோம். அந்த மாணவர்கள் இந்த இளைஞரை அறிந்துகொள்ள வேண்டும்.

படிப்புக்குப் பின் நீலகிரியில் ஆங்கில வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். 1887இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். அவருடைய தங்கை தனலட்சுமியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1890இல் சீனிவாசன் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார்.

அந்த ஆண்டை நாம் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டில் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்த தம் அறிக்கையை 1891 அக்டோபரில்தான் அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாமல், மிராசுதாரர் நினைத்தால் குடிசையிலிருந்து துரத்தப்படும் நிலையில், தலைமுறை தலைமுறையாகப் படியாள்களாக இருந்த மக்களின் வாழ்வை அது விவரித்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. முதல் 10 ஆண்டுகள் அந்நிலத்தை எவருக்கும் விற்க இயலாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். அந்த நிபந்தனை காகிதத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் 1980களின் நிலப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்குப் பிறகு, பழைய பதிவேட்டில் பஞ்சமி என்றிருந்த புல எண்கள் எப்படி வெறும் தனியார் பட்டாக்களாக மாறின என்பதை நாம் வழக்குகளில் திரும்பத் திரும்பக் காண்கிறோம். தொழிற்சாலைகள் வந்து நிலத்தின் விலை ஏறிய வட்டாரங்களில் இந்த வேலை விரைவாக நடந்தது.

பெயர் குறித்த விவாதமும் அக்காலத்தில்தான் சூடுபிடித்தது. பறையர் என்னும் பெயர் பிறர் சூட்டிய இழிவு என்றும், இம்மக்கள் சாதியற்ற பூர்வ குடிகள் என்றும் அயோத்திதாசர் வாதிட்டார். இந்நிலத்தின் பூர்வ குடிகள் என்பதில் சீனிவாசனுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வழி வேறு. இழிவு ஏற்றப்பட்ட பெயரையே கையில் எடுத்து, அதைத் தெருவில் விற்க வைத்தார் அவர். 1893 அக்டோபரில் வெளிவந்த அவருடைய இதழின் பெயர் 'பறையன்'. நான்கு பக்கம், மாத இதழ், விலை இரண்டணா. சில மாதங்களில் வார இதழாயிற்று; பின்னர் சொந்த அச்சுக்கூடமும் கிடைத்தது. மைத்துனர்கள் இருவருக்கும் இடையிலிருந்த இந்த முரண்பாட்டை ஆளுமைச் சண்டையாகச் சுருக்கிப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது ஓர் உத்தி குறித்த கருத்து வேறுபாடு என்றே நாம் கருதுகிறோம். 1922இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசு ஆவணங்களில் ஏறியபோது, தொல்குடி என்னும் அந்த உரிமைக்கோரலுக்குச் சட்ட வடிவம் கிடைத்தது.

இதழ் நடத்தியதற்கு அவர் விலையும் கொடுத்தார். ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதத்தை வெளியிட்டதற்காக 1896இல் அவர்மீது வழக்கு தொடுக்கப்பட்டது. 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டணா இதழுக்கு 100 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆயினும் 'பறையன்' 1900 வரை நின்றது.

அவருடைய அரசியல் முறையை அறிய 1893இன் இறுதியில் நடந்த நிகழ்வே போதுமானது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டுமென்று காங்கிரஸ் கோரியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையும் அவ்வாண்டு ஜூன் மாதம் அதை ஏற்றுத் தீர்மானித்திருந்தது. சீனிவாசன் எதிர்த்தார். டிசம்பர் 23 அன்று சென்னை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனுவைத் தயாரித்து, ஜெனரல் செஸ்னி வழியாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். தேர்வு இங்கேயே நடந்தால் கல்வியை ஏகபோகமாக வைத்திருந்த வகுப்பினரே எல்லாப் பதவிகளையும் நிரப்புவர். மாவட்ட நிர்வாகமும் மிராசுதாரரும் ஒரே சாதியாகிவிடுவர் என்பதே அவரது அச்சம். இதைக் காட்டி அவரை வெள்ளையரின் ஆள் என்று எழுதுவோர் இன்றும் உண்டு. சேரிக்குள் நின்று பார்த்தால் அந்த மனு வேறுவிதமாகத் தெரியும். கையெழுத்துப் போடத் தெரிந்தோர் மிகக் குறைவாக இருந்த மக்களிடையே 3,412 கையொப்பங்களைத் திரட்டுவதற்கு எத்தனை தெருக்கள் நடந்திருக்க வேண்டும்!

1900இல் நாடாளுமன்றத்தில் நேரடியாக முறையிட லண்டன் செல்லும் எண்ணத்தோடு கப்பலேறியவர், லண்டன் சேரவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் வேலையில் அமர்ந்தார். 1904இல் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரானார். அங்கு வழக்கறிஞராக இருந்த காந்தியோடு பழகினார். காந்திக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்றும் சொல்லப்படுகிறது. நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று. அவர் வாழ்ந்த காலத்தில்தான், 1906இல், நேட்டாலில் தலைவரிக்கு எதிராக பம்பத்தா தலைமையில் ஜூலு மக்கள் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்டார்கள். 1913இல் வந்த நிலச் சட்டம் அந்நாட்டின் தொல்குடிப் பெரும்பான்மையினரை நிலப்பரப்பின் சுமார் 7 விழுக்காட்டுக்குள் முடக்கியது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்பவர் ஆள்வோரின் மொழிக்கும் ஆளப்படுவோரின் மொழிக்கும் இடையில் நாள்தோறும் நிற்பவர். ஏறத்தாழ 20 ஆண்டுகள் நீடித்த இந்த வெளிநாட்டு வாழ்க்கை, இங்கிருந்த இயக்கத்துக்குப் பேரிழப்பு என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இதழ் நின்றது, சபை தளர்ந்தது.

தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கான போராட்டம் நடந்துகொண்டிருந்த 1924 ஆகஸ்டில், அவருடைய தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நகரத்திலோ கிராமத்திலோ எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம். அரசு அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொது அலுவல் நடக்கும் கட்டடம் ஆகியவற்றில் சாதி இந்துக்களுக்கு உள்ள அதே அளவில் நுழையலாம் என்பது அதன் சாரம். 1925 பிப்ரவரியில் அது அரசிதழில் வெளியாயிற்று. பம்பாய்ச் சட்டமன்றத்தில் போலே கொண்டுவந்த இத்தகைய தீர்மானம் 1923இல் நிறைவேறியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கினார்.

வழக்கறிஞர் கண்ணோடு அத்தீர்மானத்தைப் படித்தால் அதன் பலவீனமும் புலப்படும். நடப்பது உரிமை என்று அது சொல்லவில்லை; நடப்பதற்கு ஆட்சேபணை இல்லை என்றே சொல்கிறது. தடுப்பவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. மேலும், எல்லாப் பாதுகாப்பும் பொது என்னும் ஒரே சொல்லின்மேல் நிற்கிறது. பொதுச் சாலை அல்ல, கோயில் நிலம் என்றோ எங்கள் பட்டா என்றோ சொல்லிவிட்டால் தீர்மானம் அந்த இடத்தோடு நின்றுவிடும். நூறாண்டுகளுக்குப் பிறகும் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துவைக்கும் வாதம் இதுதான். எனவேதான் பாதைத் தடுப்பு என்று எந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தாலும், நாம் முதலில் கேட்பது அ-பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும். வண்டிப்பாதை என்றோ புறம்போக்கு என்றோ ஒரு சொல் அதில் இருந்தால், பாதி வழக்கு முடிந்தது.

தீர்மானத்தின் போதாமையை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு 1930 சான்று. அவ்வாண்டு நவம்பரில் லண்டனில் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாக அண்ணலும் அவரும் சென்றார்கள். அங்கே அவர் கோட்டில் தம் சாதியை எழுதி அணிந்திருந்தார், ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குக் கைகொடுக்கத் தயங்கினார் என்னும் கதை நம் மேடைகளில் தவறாமல் ஒலிக்கிறது. அந்தக் கதையின் நிழலில் மறைந்துபோனது, இருவரும் கையொப்பமிட்டு அளித்த கோரிக்கை அறிக்கை. எதிர்கால அரசமைப்பில் ஒடுக்கப்பட்டோர்க்கான பாதுகாப்புகளை அது வகுத்தது. சம குடியுரிமை அடிப்படை உரிமையாக வேண்டும். பொதுச் சாலை, கிணறு, விடுதி, பள்ளி ஆகியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். சமூகப் புறக்கணிப்பும் அதைத் தூண்டுவதும் குற்றமாக வேண்டும். கூலி கொடுக்காமல், கடையில் பொருள் விற்காமல், மருத்துவச்சியை அனுப்பாமல் ஒரு சேரியைப் பட்டினிபோட்டுப் பணிய வைக்க முடியும் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். ஆட்சேபணை இல்லை என்ற இடத்திலிருந்து குற்றம், தண்டனை என்ற இடத்துக்குக் கோரிக்கை ஆறே ஆண்டுகளில் நகர்ந்துவிட்டது. 1938இன் சென்னை குடிமைத் தடைகள் நீக்கச் சட்டம், அரசமைப்பின் 15, 17ஆம் கூறுகள், 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்தில் அதன் 3(1)(இசட்ஏ) பிரிவில் வந்த சாலை, நீர்நிலை, இடுகாடு குறித்த குற்றங்கள் எல்லாம் இந்தப் பாதையில் வந்தவையே.

அந்த அறிக்கை தன் கோரிக்கைக்கு முன்மாதிரியாகக் காட்டியவற்றுள் அமெரிக்காவின் 1866, 1875ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டங்களும் உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக இயற்றப்பட்டவை அவை. ஆனால் 1866ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்க மண்ணில் பிறந்தோரைக் குடிமக்கள் என்று அறிவிக்கும்போதே, வரி செலுத்தாத தொல்குடியினரை வெளிப்படையாக விலக்கியது. அந்நாட்டின் தொல்குடிகள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 1924 ஜூன் மாதம். சீனிவாசனின் தீர்மானம் நிறைவேறியதற்கு இரண்டே மாதங்கள் முன்பு.

இந்த விலக்கல் நமக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. ஆதி குடிகள் என்று உரிமை பேசிய நம் இயக்க மரபு, அதே மாவட்டத்தின் ஏரிக்கரைகளில் வாழ்ந்த இருளர்களை எவ்வளவு தூரம் தன்னோடு சேர்த்துக்கொண்டது? சீனிவாசனின் தீர்மானம் எந்த வகுப்பினரும் என்று பொதுவாகச் சொன்னதால் இருளருக்கும் பொருந்தும். ஆனால் அவர் திரட்டிய அமைப்புகளில் அவர்கள் இடம்பெறவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்படுவோரில் இருளர்கள் தொடர்ந்து இருந்து வருகிறார்கள். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மீட்கப்பட்டவர் அடுத்த நாள் வந்து நிற்பது கோட்டாட்சியர் அலுவலக வாசலில், பழங்குடிச் சான்றுக்காக. முன்னோரின் பத்திரம் எங்கே என்று அங்கே கேட்கிறார்கள். ஏரிக்கரைப் புறம்போக்கில் பிறந்தவருக்குப் பத்திரம் ஏது? தாத்தாவின் தீர்மானத்தைச் சேரிக்கு மட்டும் உரியதாக வாசிப்பதை நாம் நிறுத்தியாக வேண்டும். எந்த வகுப்பினரும் என்ற சொற்களை அவர் காரணமின்றி எழுதவில்லை.

வட்டமேசையில் இருவரும் கேட்ட தனித்தொகுதி 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பாகக் கிடைத்தது. செப்டம்பர் 24 அன்று புனா ஒப்பந்தமாகக் கைநழுவியது. சென்னை மாகாணத்துக்கு 18ஆக இருந்த இடங்கள் 30ஆக உயர்ந்தன. ஆனால் அவற்றில் யார் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பலம் சாதி இந்து வாக்காளர்களிடம் போயிற்று. அந்த ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையொப்பமிட்டார். காந்தியின் உண்ணாநோன்பால் எழுந்த நெருக்கடியில் அண்ணலே பணிய நேர்ந்தபோது அவர்மீது தனியாகக் குறைகூற நமக்கு மனமில்லை. பொன்னேரி தனித்தொகுதியிலும் திருவள்ளூர் நாடாளுமன்றத் தனித்தொகுதியிலும் வேட்பாளர் பட்டியல் எங்கே, யாரால் முடிவாகிறது என்று பார்க்கும்போதெல்லாம், அன்று கைநழுவியது என்ன என்பது விளங்குகிறது.

1935இல் அண்ணல் மதமாற்ற அறிவிப்பை வெளியிட்டபோது சீனிவாசன் உடன்படவில்லை. நாம் வருணத்துக்கு வெளியே இருக்கும் பூர்வ குடிகள்; உள்ளே இல்லாதவர் வெளியேறுவது எப்படி என்பது அவர் வாதம். தருக்கமாகக் கேட்டால் அழகானது. ஆனால் ஆதிக்கச் சாதியினர் அந்தத் தருக்கத்தை ஒருபோதும் ஏற்றதில்லை; ஒதுக்கும்போது வெளியேயும், எண்ணிக்கை காட்டும்போது உள்ளேயும் வைத்தே கணக்கிட்டார்கள். இவ்விஷயத்தில் அண்ணலின் பக்கமே நாம் நிற்கிறோம்.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் எனப் பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1939இல் ஜீவிய சரித்திரச் சுருக்கம் வெளியானது. மிகச் சிறிய நூல். ஒரே அமர்வில் படித்துவிடலாம். 1945 செப்டம்பர் 18 அன்று சென்னையில் அவர் காலமானார். தீண்டாமையை ஒழிக்கும் கூறு அரசியல் நிர்ணய சபையில் நிறைவேற அப்போது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ஓட்டேரி இடுகாட்டில் அவர் அடக்கமான இடத்துக்கு உரிமைக்களம் என்று பெயர். கும்மிடிப்பூண்டியில் காலை மின்தொடர் வண்டி ஏறினால் பேசின் பாலத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் சென்றுவிடலாம்.